ஜார்ஜியார் வேடத்துக்கு மேலங்கி தைக்கும்போது எங்கே தவறுகிறோம்?

ஆலயப் பங்கு விழாவுக்கோ, பக்கத்து வீடுகள் சேர்ந்த அன்பியக் குழுக்களின் போட்டிக்கோ பிள்ளைக்குப் புனித ஜார்ஜியார் வேடம் என்று முடிவானதும், குமரி மாவட்டத்து வீடுகளில் முதலில் வாங்குவது பளபளக்கும் சாட்டின் துணியைத்தான். முதல் தவறும் அதுதான். ஜார்ஜியார் 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உயிர்விட்ட ரோமப் படைவீரர் என்பது மரபு. படங்களில் நாம் பார்க்கும் வெள்ளை அங்கியும் சிவப்புச் சிலுவையும், பல நூற்றாண்டுகள் கழித்து ஐரோப்பிய ஓவியர்கள் தங்கள் காலத்துக் குதிரைவீரர்களைப் பார்த்து அவருக்கு மாட்டிவிட்டவை. 12, 13ஆம் நூற்றாண்டுகளில் இரும்பு வளையச் சட்டைக்கு மேல் தொளதொளவென்று போட்டுக்கொண்ட அங்கி அது. சாட்டினில் தைத்தால் பிள்ளை ராஜபார்ட் ஆகிவிடுவான். போதாததற்கு அந்தத் துணி மிஷினில் வழுக்கும். வெட்டிய ஓரமெல்லாம் பிசிறாகப் பிரியும்.

வீட்டில் பழைய நாலு முழ வேட்டி இருந்தால் துணிக்கடைக்கே போக வேண்டாம். பலமுறை துவைத்துச் சுருங்க வேண்டியது சுருங்கி, பளபளப்புப் போய், அந்தக் காலத்து லினன் போலவே தொங்கும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நைந்த பகுதியை மட்டும் ஒதுக்குங்கள். புதுக் காடாத் துணி என்றால் இரவு முழுவதும் ஊறவைத்துக் காயப்போட்டு, இஸ்திரி போட்ட பிறகே கத்தரி வைக்க வேண்டும். சிலுவைக்கான சிவப்புத் துணியைத் தனியாக நனைத்து, ஈரத்தோடு ஒரு வெள்ளைத் துண்டில் வைத்து அழுத்திப் பாருங்கள். சாயம் இறங்கினால் அது வேண்டாம். நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதால் விழாவுக்கு முந்தின நாள் நனைத்துக் காயவைத்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு ஐப்பசியில் பலிக்காது.

அளவில் வரும் தவறுகளுக்கெல்லாம் வேர் பிளவுஸ் தைத்த பழக்கம். கை தானாகவே அக்குளை வளைத்து வெட்டும், இடுப்பைப் பிடிக்கும். இந்த அங்கிக்கு இரண்டும் வேண்டாம். முன்னும் பின்னும் இரண்டு நீள்சதுரத் துண்டுகள் போதும். பிள்ளையின் மார்பளவு 24 அங்குலம் என்றால் 8 அங்குலம் தளர்வு சேர்த்து 32. ஒரு துண்டுக்கு 16, தையலுக்கு இரு பக்கமும் அரை அங்குலம், ஆக 17. தோளிலிருந்து 7 அங்குலம் வரை பக்கத்தைத் தைக்காமல் விட்டால் அதுவே கைவழி. முழங்காலுக்குக் கீழே இறங்கும் அங்கிக்கு இந்த அகலம் நடக்கப் போதாது. இடுப்புக்குக் கீழே பக்கங்களில் முக்கோணத் துண்டு வைத்துத் தைக்கலாம். பழைய பாணி ஜிப்பாவில் வைப்பதுதான். இல்லையென்றால் முன்னும் பின்னும் நடுவில் திறப்பு விடலாம். குதிரை ஏறுகிறவர்கள் அப்படித்தான் விட்டார்கள்.

அதிகத் துணி வீணாவது கழுத்தில்தான். தலை நுழைய வேண்டுமே என்று 7 அங்குல விட்டத்தில் வட்டம் வெட்டிவிடுவார்கள். அங்கி ஒரு தோளில் சரிந்துகொண்டே இருக்கும். கழுத்துக்கும் தலைக்கும் தனித்தனிக் கணக்கு. ஆறேழு வயதுப் பிள்ளைக்குத் தலைச்சுற்று 20, 21 அங்குலம் இருக்கும். கழுத்தோ ஏறக்குறைய அதில் பாதிதான். எனவே அகலம் நாலரை அங்குலம், பின்பக்கம் இறக்கம் அரை அங்குலம், முன்பக்கம் ஒன்றரை அங்குலம் மட்டும் வெட்டி, முன் நடுவில் 5 அங்குலம் நேராகக் கீறிவிடுங்கள். தலை அந்தக் கீறல் வழியாக நுழையும், கழுத்து கழுத்தோடு இருக்கும். பட்டி வைத்து உள்ளே திருப்பும்போது வளைவில் சிறு வெட்டுகள் கொடுக்க மறந்தால் ஓரம் சுருக்கம் விழும். கீறலை மூட உள்ளே ஒரு பிரஸ் பட்டன் போதும். நாடா வைத்துக் கழுத்தில் கட்டுவது அழகுதான், ஆனால் ஓடிப் பிடித்து விளையாடும் பிள்ளைக்கு அது ஆபத்து.

சிலுவையைப் பக்கங்களை மூடுவதற்கு முன், துணி தட்டையாகக் கிடக்கும்போதே தைத்துவிட வேண்டும். மூடிய அங்கிக்குள் மிஷினை நுழைத்துத் தைத்தால் பின்துணியும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும். பசை போட்டு ஒட்டினால் வியர்வையில் மூலை தூக்கும். பளிச்சென்று இருக்கட்டும் என்று சிவப்புக்குப் பதில் பொன்னிறம் வைக்கிறவர்களும் உண்டு. இடைக்காலக் குதிரைவீரர்களின் கேடயச் சின்னங்களில் பொன்மேல் வெள்ளியோ வெள்ளிமேல் பொன்னோ வருவது அபூர்வம். வெள்ளை அங்கே வெள்ளிக் கணக்கில் சேரும். தூரத்திலிருந்து ஆளை அடையாளம் காண வேண்டுமே! ஆலய முற்றத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஆச்சிக்கும் அதே தேவைதான்.

வளையச் சட்டைக்காகக் கடற்கரை ஊர்களில் பழைய மீன்வலைக்கு வெள்ளிப் பூச்சு அடிக்கும் யோசனை எழும். வேண்டாம். நைலான் இழை கழுத்தை அறுக்கும், பட்டனில் சிக்கும். சாம்பல் நிறத்தில் முழுக்கை பனியன் சட்டை ஒன்று உள்ளே போட்டால் மேடையில் இரும்பாகவே தெரியும். நாடகத்தில் மெழுகுதிரி உண்டென்றால் நைலானும் பாலியஸ்டரும் எந்த இடத்திலும் வேண்டாம். உருகித் தோலில் ஒட்டும். பருத்தியும் பற்றும் என்பதால் தொங்கும் மேல்போர்வையையும் விட்டுவிடுங்கள்.

கீழ்மடிப்பைக் கடைசிக்கு வையுங்கள். வாள் தொங்கும் கச்சையை இடுப்பில் கட்டியதும் அங்கி இரண்டு அங்குலமாவது மேலேறும். கச்சை கட்டி, மேடையில் போடும் செருப்போடு பிள்ளையை நிறுத்தி, கையைத் தூக்கச் சொல்லி, ஒரு படி ஏறவும் வைத்துப் பார்த்த பிறகு மடிப்புக்கு அடையாளம் போடலாம்.