நாரி, கழுத்து நோ ஊசிகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நோ சிகிச்சைக்குப் புதிதாக வரும் இளம் வைத்தியர்கள் ஊசியை நன்றாகவே போடுகிறார்கள். ஆனால் எங்கள் காலத்தில் நடந்த அதே பிழைகள் திரும்பவும் நடக்கின்றன. கிருமி நீக்கம், ஒவ்வாமை விசாரிப்பு எல்லாம் யாரும் சொல்லித் தருவார்கள், அவற்றை விடுகிறேன்.

சோதனை ஊசியின் பதிலைத் தொலைப்பது

நாட்பட்ட நாரி நோவுக்கு முள்ளந்தண்டின் பின்பக்கச் சிறு மூட்டுகள்தான் காரணமா என்று எம்.ஆர்.ஐ. படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. நோவே இல்லாத பலரின் படத்திலும் தேய்மானம் தெரியும். அதனால் அந்த மூட்டின் உணர்ச்சியைக் கொண்டுபோகும் நரம்புக் கிளைகளில், எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி, அரை மில்லிலீற்றர் அளவு விறைப்பு மருந்து வைக்கிறோம். லிக்னோகேன் ஓரிரு மணித்தியாலம் நிற்கும், புப்பிவக்கேன் இன்னும் சில மணித்தியாலம். நோ குறைகிறதா என்பது அந்த நேரத்துக்குள்தான் தெரியும். அதற்குப் பிறகு நோ திரும்பி வருவது இயல்பு.

படுவான்கரையிலிருந்து ஒரு வயற்கார ஐயா வந்தார். காலையில் நோக்குளிசை போட்டிருந்தார், யாரும் கேட்கவில்லை. ஊசி முடிந்ததும் "வீட்ட போய்ப் படுங்கோ ஐயா" என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டு கிழமை கழித்து, "எப்படி இருக்கு?" "அப்பிடியேதான் மனே." கொப்பியில் 'பலனில்லை' என்று எழுதியாயிற்று. அன்றைக்குப் பின்னேரம் எப்படி இருந்தது என்று நான் கேட்டேன். "மாட்டைக் கட்ட எழும்பினன், நோ தெரியல்ல. குளிசையாலயோ ஊசியாலயோ, ஆருக்குத் தெரியும்" என்றார்.

இதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வரும். பதில் கிடைத்திருந்தால், அதே நரம்புக் கிளைகளை ரேடியோ அலை வெப்பத்தால் சுட்டு ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம்கூட, நோவைக் குறைத்திருக்கலாம். இப்போது அவருக்கு இன்னொரு ஊசி, இன்னொரு பஸ் பயணம், வயல்வேலையில் இன்னொரு நாள் நட்டம்.

சரி, ஊசி போட வரும் நீங்கள் என்ன செய்ய வேண்டும்? அன்று காலை நோக்குளிசை வேண்டாம், மற்றக் குளிசைகளை வழமைபோல எடுக்கலாம். மயக்க மருந்தைத் தவிர்க்க வேண்டும். ஊசிக்கு முன் நோவுக்குப் பத்துக்கு எத்தனை என்று எழுதுங்கள். பிறகு படுக்காதீர்கள்: எந்த அசைவில் நோ வருமோ அதையே செய்து பாருங்கள். குனியுங்கள், படியேறுங்கள். பாரம் தூக்க வேண்டாம், மோட்டார் சைக்கிளும் ஓட்ட வேண்டாம். அரை மணிக்கொரு தடவை, ஆறு மணித்தியாலம் வரை, கூட வந்த மகளோ மகனோ எழுதி வைக்கட்டும். ஒரு ஊசி பொய்யாகவும் ஆம் சொல்லும் என்பதால் இன்னொரு நாள் மறுபடி பார்ப்பதும் உண்டு.

எல்லா நோவுக்கும் ஸ்டீரொய்ட் கேட்பது

ஸ்டீரொய்ட் வீக்கத்தைத் தணிக்கும் மருந்து. முள்ளந்தண்டில் போடும் ஸ்டீரொய்ட் ஊசி முக்கியமாக நரம்பு நசிந்து காலுக்கு இறங்கும் நோவுக்கு. பலன் தெரியச் சில நாள் ஆகும், நிரந்தரமல்ல.

சீனி வருத்தத்தைச் சொல்லாமல் விடுவது

ஸ்டீரொய்ட்டுக்குப் பிறகு சில நாள் சீனி ஏறும். வீட்டில் பாருங்கள்.

வார்ஃபரின், குளொபிடோகிரல்

இவை இரத்தம் உறையாமல் தடுக்கும் குளிசைகள். நீங்களாக நிறுத்தாதீர்கள். சொல்லாமலும் இருக்காதீர்கள்.

கழுத்தில் துகள் ஸ்டீரொய்ட்

சில ஸ்டீரொய்ட் மருந்துகளில் கரையாத நுண்துகள்கள் இருக்கும். கழுத்தில் நரம்பு வெளிவரும் துவாரத்தில் அவை வேண்டவே வேண்டாம். துகள் இரத்தக் குழாயை அடைத்தால் பக்கவாதம், உயிராபத்து. முள்ளந்தண்டு ஸ்டீரொய்ட் ஊசிகளால் அரிதாக இப்படி நேர்வதை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2014இல் எச்சரித்தது.

கிளினிக் திகதிவரை பொறுத்திருப்பது

ஊசிக்குப் பிறகு காய்ச்சல், கால் சோர்வு, சிறுநீர் அடைப்பு வந்தால் அன்றே, இரவானாலும், ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.