லோரி ஓட்டமும் பொருளாதாரமும்: தோட்டப்புற ஊருக்கு ஒரு சரக்குக் கணக்கு

பொருளாதாரம் 5 விழுக்காடு வளர்ந்தால் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் லோரி ஓட்டம் எவ்வளவு கூடும்? கேள்வி எளிதுதான். ஆனால் பதில் தேடிப் போனால் துறைமுகம், பெருநகரம், நகரப் போக்குவரத்தைக் கணிக்கும் நான்கு படிக் கணக்கு மாதிரி என்று பெரிய இடத்துக் கணக்காகவே கிடைக்கும். செம்பனையை நம்பி இருக்கும் ஊருக்கு ஒரு விரிதாள் போதும்.

நான் லிப்ரே ஆபிஸ் கால்க் என்ற இலவச விரிதாள் மென்பொருளில் செய்கிறேன். ஆர், பைத்தான் ஆகிய நிரல் மொழிகள் தெரிந்தவர்கள் இரண்டாம் சுற்றில் அங்கே போகலாம். முதல் மாதிரியை அதில் கட்டினால் எண்கள் கண்ணில் படாமலே உள்ளே ஓடிவிடும், பிழை எங்கே என்று பிடிக்க முடியாது. காசு கொடுத்து வாங்கும் போக்குவரத்து மென்பொருள் நம் அளவுக்கு வேண்டவே வேண்டாம்.

படி 1: எதை எண்ணுவது

டன்னா, டன்-கிலோமீட்டரா (எடையைத் தூரத்தால் பெருக்கியது)? இரண்டுக்கும் விரிதாளில் தனித்தனிப் பத்தி (நெடுவரிசை) போடுங்கள். ஏன் என்பது நான்காம் படியில் தெரியும்.

படி 2: தரவு

மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம் மாதந்தோறும் உற்பத்தி, இருப்பு, விலை விவரம் வெளியிடுகிறது. மொத்த உள்நாட்டு உற்பத்திக்குப் புள்ளிவிவரத் துறையின் ஓப்பன்டோசம் தளம். அங்கே விலையேற்றத்தை நீக்கிய நிலையான விலை வரிசையை எடுங்கள், நடப்பு விலையைத் தொடாதீர்கள். மொத்த எண்ணை மட்டும் எடுத்தாலும் ஆகாது, துறைவாரியாக வேண்டும். மலேசியப் பொருளாதாரத்தில் பாதிக்கு மேல் சேவைத் துறை. வங்கி வளர்ந்தால் நம் ஊரில் லோரி ஓடாது. விவசாயமும் கட்டுமானமும் வளர்ந்தால் ஓடும்.

படி 3: ரிங்கிட்டை டன்னாக்குவது

புதிதாகச் செய்பவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். லோரி ஏற்றுவது எடையை, பணத்தை அல்ல. 2020-இல் நாட்டின் கச்சா செம்பனை எண்ணெய் உற்பத்தி சுமார் 19.1 மில்லியன் டன், சராசரி விலை டன்னுக்கு ஏறக்குறைய 2,685 ரிங்கிட். 2022-இல் உற்பத்தி சுமார் 18.5 மில்லியன் டன், விலையோ 5,000 ரிங்கிட்டைத் தாண்டியது. பெருக்கிப் பாருங்கள். மதிப்பு 80 விழுக்காட்டுக்கு மேல் ஏறியிருக்கிறது, எடை 3 விழுக்காட்டுக்கு மேல் இறங்கியிருக்கிறது. கோவிட் காலத்தில் எல்லை மூடியதால் வெளிநாட்டுத் தொழிலாளர் வரவில்லை, வெட்ட ஆளில்லாமல் செம்பனைக் குலை மரத்திலேயே பழுத்து உதிர்ந்தது. விலை ஏறியதற்கு அதுவும் ஒரு காரணம். நடப்பு விலை மதிப்பை வைத்து மாதிரி கட்டியவருக்கு அந்த ஆண்டில் லோரி போதாது என்று விடை வந்திருக்கும். உண்மையில் ஏற்ற வேண்டிய எடை குறைந்திருந்தது.

அதனால் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு டன்னுக்கு எத்தனை ரிங்கிட் என்ற விகிதத்தைத் தனிப் பத்தியில் வைத்து, ஆண்டுதோறும் மாற்றுங்கள். என்ன விளைகிறது என்பதும் இந்த விகிதத்தை மாற்றும். பால்மரம் ஒரு ஹெக்டருக்கு ஆண்டுக்கு ஒன்றரை டன் உலர் ரப்பர் தந்தாலே நல்ல மகசூல். அதே நிலத்தில் செம்பனை 15 டன் குலை தரும். பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்ட காலத்தில் தோட்டச் சாலைகள் ஏன் அவ்வளவு சீக்கிரம் குழியாயின என்று பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

படி 4: எத்தனை முறை ஏற்றுகிறோம், எவ்வளவு தூரம்

1,000 டன் குலையை வைத்துப் பார்ப்போம். தூரமெல்லாம் நான் வைத்துக்கொண்ட மாதிரி எண்கள், உங்கள் ஊருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். சிறுதோட்டக்காரர்களின் 300 டன் முதலில் 5 கிலோமீட்டர் தள்ளி உள்ள சேகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. அப்புறம் 1,000 டன்னும் 15 கிலோமீட்டர் தூரத்து ஆலைக்கு. அங்கிருந்து எண்ணெய் சுமார் 200 டன், பழக்கொட்டைக்குள் இருக்கும் பருப்பு 55 டன், இரண்டும் 120 கிலோமீட்டர். பழம் உதிர்த்த காலிக் குலை 225 டன் உரமாகத் தோட்டத்துக்கே திரும்பும், 15 கிலோமீட்டர்.

ஏற்றிய எடை 1,780 டன். கடைசியில் விற்பனைக்குப் போவது 255 டன்தான். அதாவது ஒரு டன் விற்க ஏழு டன் ஏற்றுகிறோம். டன் கணக்கில் எண்ணெயின் பங்கு 11 விழுக்காடு. டன்-கிலோமீட்டரில் மொத்தம் 50,475, அதில் எண்ணெய் 24,000, கிட்டத்தட்ட பாதி. உள்ளூர்ச் சாலைக்குக் குலை முக்கியம், நெடுஞ்சாலைக்கு எண்ணெய் முக்கியம். ஒரே பத்தி போட்டிருந்தால் இது மறைந்துபோயிருக்கும்.

படி 5: நெகிழ்ச்சி

துறை உற்பத்தி 1 விழுக்காடு கூடினால் சரக்கு எத்தனை விழுக்காடு கூடுகிறது என்பதே நெகிழ்ச்சி. இரண்டு வரிசைகளையும் அப்படியே வைத்து ஒட்டுறவு பார்க்காதீர்கள். ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே போகும் எந்த இரண்டும் ஒட்டித்தான் இருக்கும். சென்ற ஆண்டின் இதே காலத்தோடு ஒப்பிட்டு மாற்ற விழுக்காட்டை எடுத்து, அதன்மேல் லைன்எஸ்ட் (LINEST) சார்பை ஓட்டுங்கள், புள்ளிகளுக்குப் பொருந்தும் நேர்கோட்டின் சாய்வை விரிதாளே தரும், அதுதான் நெகிழ்ச்சி. பிப்ரவரியில் குலை குறைவதும் செப்டம்பர், அக்டோபரில் குவிவதும் இதிலேயே அடங்கிவிடும். 2020 மார்ச் 18-இல் தொடங்கிய நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்துக்குத் தனியாக ஒரு 0/1 பத்தி வையுங்கள், அந்தக் காலத்துக்கு 1, மற்றதற்கு 0.

லோரி எண்ணிக்கை வேண்டுமென்றால் ஆண்டுச் சராசரி உதவாது. வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குச் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெய்த் தரம் கெடும். உச்ச மாதத்துக்குக் கணக்குப் போடுங்கள்.

ரயிலா லோரியா? சரி, குலைக்கு அந்தக் கேள்வியே இல்லை. எண்ணெய்க்கு மட்டும் பின்னால் சேர்க்கலாம்.

பின்சேர்க்கை 1: எடைச்சீட்டில் உள்ள மொத்த எடையைப் போட்டுவிட்டு எண் பெரிதாக வருகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். காலி லோரியின் எடையைக் கழித்த நிகர எடையைத்தான் போட வேண்டும்.

பின்சேர்க்கை 2: டீசல் விலையை எப்படிச் சேர்ப்பது என்று பலர் கேட்டீர்கள். 2024 ஜூன் 10-இல் தீபகற்பத்தில் லிட்டர் 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ஆனது, ஏறக்குறைய 56 விழுக்காடு ஏற்றம். அதை எல்லா லோரிக்கும் போட்டுவிடாதீர்கள். தகுதியுள்ள சரக்கு லோரிகளுக்கு மானிய அட்டையில் 2.15 தொடர்ந்தது. அட்டை உள்ள ஓட்டம், இல்லாத ஓட்டம் என்று இரண்டு வரியாகப் பிரித்து, ஏற்றத்தை இரண்டாவதில் மட்டும் போடுங்கள்.