ஜெனரிக் கிளாஸ்: எந்தக் கீயைக் கேட்டோமோ அதன் டைப்பே திரும்பி வர

பயனரின் பெயர், வயது இரண்டையும் வைத்திருந்து, கேட்டதை எடுத்துக் கொடுக்க டைப்ஸ்கிரிப்ட்டில் ஒரு கிளாஸ் எழுதினேன். வயதை எடுத்து, நம்பருக்கு மட்டுமே உள்ள டூஃபிக்ஸ்ட் மெத்தடைக் கூப்பிட்டதும் பிழை என்று சிவப்புக் கோடு. அரை நாள் அதிலேயே போனது. டைப்ஸ்கிரிப்ட்டுக்குப் புதியவர்களுக்கு அந்த அரை நாள் மிஞ்சட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் கிளாஸ் பெயரை அடுத்துக் கோண அடைப்புக்குறிக்குள் டி என்று போடுங்கள். பின்னால் வரப்போகும் டைப்புக்கு இது இடம் பிடித்துவைக்கும். கன்ஸ்ட்ரக்டரில் வாங்கும் டேட்டாவின் டைப்பும் டி. நியூ போடும்போது பெயர் ஸ்டிரிங், வயது நம்பர் என்று கம்பைலரே புரிந்துகொள்ளும்.

அடுத்து 'எடு' என்ற மெத்தட். நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். கீ என்ற பாராமீட்டருக்கு 'கீஆஃப் டி' (டி-யில் உள்ள கீக்களில் ஒன்று, இங்கே பெயர் அல்லது வயது) என்று டைப் கொடுத்திருந்தேன். விஎஸ் கோடில் மெத்தட் மேல் மவுஸை வைத்துப் பார்த்தால், திரும்பி வருவது 'ஸ்டிரிங் அல்லது நம்பர்'. கீ இரண்டில் ஏதோ ஒன்று என்பது மட்டும்தான் மெத்தடுக்குத் தெரியும். நாம் கேட்டது எது என்பதைக் குறித்துவைக்க அதற்கு இடமே இல்லை.

அந்த இடத்தை நாம்தான் கொடுக்க வேண்டும். 'எடு' என்ற பெயரை அடுத்து, கோண அடைப்புக்குறிக்குள் 'கே எக்ஸ்டெண்ட்ஸ் கீஆஃப் டி' என்று எழுதுங்கள். கீயின் டைப்பைக் கே என்று மாற்றுங்கள். ரிட்டர்ன் டைப்பை எழுதவே வேண்டாம். டி[கே], அதாவது டி-யில் அந்தக் கீக்கு உரிய டைப், என்று தானாக வரும். இப்போது வயதைக் கேட்டால் நம்பர் மட்டும்தான்.

கே-யைக் கிளாஸ் பெயர் பக்கத்தில் வைத்துவிடாதீர்கள். அப்புறம் ஒரு ஆப்ஜெக்ட் ஒரே கீயோடு கட்டுண்டுவிடும். 'ஆஸ் நம்பர்' போட்டு, இது நம்பர்தான் என்று நாமே கம்பைலரிடம் சொல்லித் தப்பிப்பதும் எனக்குப் பிடிக்காது. பழைய மெத்தடில் பெயரை எடுத்து 'ஆஸ் நம்பர்' போட்டுப் பாருங்கள், கம்பைலர் வாயே திறக்காது.

சேர்த்தது: கீயை ஒரு மாறியில் வைத்துக் கொடுத்தால் பிழை வருகிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். லெட்டில் வைத்தால் அது வெறும் ஸ்டிரிங் ஆகிவிடும். கான்ஸ்ட்டில் வையுங்கள், சரியாகிவிடும்.

இன்னொன்று: ஒரு ஃபங்ஷன் திருப்பித் தரும் டைப்பை எடுத்துக் கொடுக்க, 2018-இல் டைப்ஸ்கிரிப்ட் 2.8 பதிப்போடு வந்த ரிட்டர்ன்டைப்பை இந்த மெத்தட் மேல் போட்டால் மறுபடி 'ஸ்டிரிங் அல்லது நம்பர்' என்றே வரும். மெத்தடை யாரும் கூப்பிடாததால் கே எது என்று முடிவாகவில்லை. கம்பைலர் அதன் எல்லையான கீஆஃப் டி-யையே எடுத்துக்கொள்கிறது. வயதின் டைப் வேண்டுமென்றால், டேட்டாவின் டைப்புக்குப் பயனர் என்று பெயர் வைத்து, பயனர்['வயது'] என்று டைப்பிலிருந்தே நேராக எடுத்துக்கொள்ளுங்கள்.