உங்கள் ஏர் ரைபிளுக்கு எந்த பெல்லட்? குழலைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் முறை

புதிதாக ஏர் ரைபிள் வாங்கியவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த பெல்லட் நல்லது?" என்பதைத்தான். பெல்லட் என்பது ஏர் ரைபிளில் போட்டுச் சுடும் சிறு குண்டு, பெரும்பாலும் ஈயத்தில் ஆனது. பெயர் ஒன்றைச் சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் ஒரே மாடலில் அடுத்தடுத்த வரிசை எண் கொண்ட இரண்டு ரைபிள்கள்கூட வெவ்வேறு பெல்லட்டை விரும்புவதுண்டு. குழலின் உட்புறத்தில் இருக்கும் நூலிழை வித்தியாசம் போதும். என் நண்பரின் ரைபிளில் ஒரே துளையாக விழும் பெல்லட், அதே மாடலான என்னுடையதில் உள்ளங்கை அகலத்துக்குச் சிதறுகிறது. ஆகவே கீழே இருப்பது தேடும் முறை மட்டும்.

பாதுகாப்பு விதிகளும் ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) பொருத்துவதும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். பாதுகாப்புக் கண்ணாடியும் உறுதியான பின்தடுப்பும் இல்லாமல் இதில் எதையும் செய்ய வேண்டாம்.

படி 1: காலிபர்

காலிபர் என்றால் குழலின் உள்விட்டம். குழலின் மேலேயே பொறித்திருக்கும். .177 என்றால் 4.5 மி.மீ., .22 என்றால் 5.5 மி.மீ. இவை இரண்டும்தான் பெரும்பாலும் புழக்கத்தில் உள்ளவை; .20, .25 ஆகியவையும் உண்டு. ஒரே ஒரு எச்சரிக்கை: 4.5 மி.மீ. என்று எழுதிய எஃகு உருண்டை டப்பாக்களும் கடையில் பக்கத்திலேயே இருக்கும். உள்ளே சுருள் வரிகள் வெட்டிய குழலில் அவற்றைப் போடாதீர்கள். ஈயம் வரிகளுக்கு வளைந்து கொடுக்கும். எஃகு கொடுக்காது, வரிகளைத்தான் தேய்க்கும். இலக்கில் பட்டுத் திரும்பி வருவதிலும் எஃகு உருண்டை மோசமானது.

படி 2: வடிவம்

தட்டைத் தலை பெல்லட் காகிதத்தில் பஞ்ச் அடித்ததுபோல வட்டமாக வெட்டும். ஒலிம்பிக் 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் இதுதான் பயன்படுகிறது. அங்கே 10 புள்ளிக்கான இடம் அரை மில்லிமீட்டர் பொட்டு. அந்தத் தூரத்துக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் இல்லை. ஆனால் தட்டை முகம் காற்றை நேராக மோதுவதால் வேகம் சீக்கிரம் குறையும். 25 மீட்டரைத் தாண்டினால் நான் எடுப்பதில்லை.

உருண்டைத் தலை எல்லாத் தூரத்துக்கும் ஏற்றது. என்ன வாங்குவது என்றே தெரியாவிட்டால் இதில் தொடங்குங்கள்.

கூர்முனை பெல்லட் பார்க்க மிரட்டலாக இருக்கும், அவ்வளவுதான். மெல்லிய முனை சற்றே மையம் விலகினாலும் பறக்கும்போது தள்ளாடும், டப்பாவுக்குள் உரசியே பாதி முனைகள் மழுங்கியிருக்கும். காகிதத்தில் சுடுபவருக்கு அதற்காகக் காசு செலவழிக்கக் காரணமே இல்லை என்பது என் கருத்து.

படி 3: எடை

பெல்லட் எடையை கிரெய்ன் என்ற அலகில் குறிப்பார்கள். ஒரு கிரெய்ன் ஏறக்குறைய 0.065 கிராம். .177-இல் 7 முதல் 10.5 கிரெய்ன் வரையும், .22-இல் 12 முதல் 18 கிரெய்ன் வரையும் பரவலாகக் கிடைக்கும்.

ரைபிள் பெட்டியின் மேல் "வினாடிக்கு 1,200 அடி" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தால் அதைப் பார்த்து மயங்க வேண்டாம். அது பெரும்பாலும் மிக லேசான உலோகக் கலவை பெல்லட்டை வைத்து எடுத்த எண். வினாடிக்கு 1,200 அடி என்றால் ஏறக்குறைய 366 மீட்டர். ஒலியின் வேகமே சாதாரண வெப்பநிலையில் 343 மீட்டர்தான். அந்த எல்லையை நெருங்கும்போதும், கடந்து மீண்டும் கீழே இறங்கும்போதும் இடுப்பு ஒடுங்கிய இந்தச் சிறிய ஈயத்துண்டு நிலைகுலையும். வினாடிக்கு 240 முதல் 280 மீட்டர் வேகத்துக்குள் பறக்கும்படி எடையைத் தேர்ந்தெடுத்தால் தொல்லை குறைவு. ஒரு கணக்கு: 8.44 கிரெய்ன் பெல்லட் வினாடிக்கு 240 மீட்டரில் போனால் அதன் ஆற்றல் ஏறக்குறைய 16 ஜூல். நடுத்தர ஸ்பிரிங் ரைபிளுக்கு இது இயல்பான இடம்.

ஸ்பிரிங் ரைபிள் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஸ்பிரிங் தள்ளும் பிஸ்டன் முன்னோக்கிப் பாயும்போது அதன் முன்னால் அழுந்தும் காற்றுதான் அதற்கு மெத்தை. பெல்லட் மிக லேசாக இருந்தால் அது சட்டென்று ஓடிவிடும், மெத்தை உருவாகாது, பிஸ்டன் அறையின் முனையில் போய் இடிக்கும். பெல்லட்டே இல்லாமல் விசையை இழுப்பதற்கு அடுத்தபடியான கெடுதல் இது. மிகக் கனமாக இருந்தாலோ பிஸ்டன் பின்னுக்குத் துள்ளும். எனவே ஸ்பிரிங்குக்கு நடுத்தர எடை: .177-இல் 8 முதல் 9, .22-இல் 14 முதல் 16 கிரெய்ன். காற்றைச் சிலிண்டரில் அடைத்துச் சுடும் பிசிபி ரைபிள் கனமான பெல்லட்டையும் எளிதாகத் தள்ளும்; .22 பிசிபியில் 18 கிரெய்னிலிருந்தே சோதனையைத் தொடங்கலாம்.

படி 4: தலை அளவு

டப்பாவில் 4.50, 4.51, 4.52 என்று சிறிய எழுத்தில் இருப்பது பெல்லட் தலையின் விட்டம், மில்லிமீட்டரில். நூறில் ஒரு மில்லிமீட்டரில் என்ன வந்துவிடப்போகிறது என்று தோன்றும். கட்டைவிரலுக்குத் தெரியும். குழலை மடித்து பெல்லட்டைப் பின்வாயில் வையுங்கள். தானாகவே உள்ளே சரிந்து விழுந்தால் தளர்வு. நகம் வெள்ளையாகும்வரை அழுத்த வேண்டியிருந்தால் இறுக்கம். கட்டைவிரல் தசையால் ஒரே சீராக அழுத்தும்போது மெல்லிய தடையோடு சென்று, பின்விளிம்பு குழலின் முகத்தோடு சமமாக நிற்க வேண்டும். ஒரே டப்பாவில் பத்து பெல்லட் வைத்துப் பாருங்கள். பத்தும் ஒரே மாதிரி உட்கார்ந்தால் அது நல்ல டப்பா. இரண்டு வழுக்கி மூன்று முரண்டினால், அதை வைத்துச் சோதனை செய்வதே வீண்.

வெர்னியர் காலிப்பரால் அளக்கப் பார்க்காதீர்கள். ஈயம் மென்மையானது, தாடையை மூடும்போதே நசுங்கிவிடும். டிஜிட்டல் தராசில் ஒவ்வொன்றாக எடை போட்டுப் பிரிப்பவர்களும் இருக்கிறார்கள். அந்த நேரத்துக்கு ஒரு பூதக்கண்ணாடி வாங்குங்கள் என்பேன். பெல்லட்டின் பின்புறம் உள்ள மெல்லிய வட்ட விளிம்பைத்தான் அதில் பார்க்க வேண்டும். காற்று அழுத்தத்தில் அந்த விளிம்பு விரிந்து குழலை அடைத்துக்கொள்கிறது. அது ஒரு பக்கம் சப்பியிருந்தால் குழல் வாயிலிருந்து வெளியேறும் கணத்தில் காற்று அந்தப் பக்கமாக முந்தித் தள்ளிவிடும். அப்படிச் சப்பிய பெல்லட்டைத் தனியே ஒதுக்கி, குழலைப் பழக்கும்போது (படி 5) பயன்படுத்திக்கொள்ளலாம்.

படி 5: சோதனை

இங்கேதான் நான் நெடுநாள் சிக்கித் தவித்தேன். ஒரு நாள் முதலிடம் வந்த பெல்லட் மறுநாள் கடைசியில் நிற்கும். காற்று, கை, ஸ்கோப் என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டு, கடைசியில் பார்த்தால் காரணம் வரிசை. எந்த பெல்லட்டை எதற்குப் பிறகு சுடுகிறோம் என்பது முடிவை மாற்றிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வகை ஈயமும், அதன் மேல் பூசிய எண்ணெயும், குழலுக்குள் மெல்லிய படிவை விட்டுச்செல்கின்றன. அடுத்த வகையின் முதல் சில பெல்லட்டுகள் முந்தியதன் படிவின் மேல் ஓடுகின்றன. அந்தத் துளைகளை வைத்துத் தீர்ப்பு எழுதினால் தவறான பெல்லட்டைத் தண்டித்துவிடுவோம்.

எனவே இப்போது செய்வது இப்படி. வகை மாற்றும்போதெல்லாம் இருபது பெல்லட்டைக் கணக்கில் சேர்க்காமல் சும்மா சுட்டு குழலைப் பழக்குகிறேன். அதன் பிறகு புதிய அட்டையில் பத்து. ஐந்து போதும் என்பார்கள். ஐந்து அதிர்ஷ்டத்தால்கூட ஒன்றாக விழும், பத்து விழாது. எல்லா வகையும் முடிந்த பின், முதலில் சுட்டதை மறுபடி கடைசியாக ஒருமுறை சுட்டுப் பார்க்கிறேன். இரண்டு கொத்துகளும், அதாவது அட்டையில் விழுந்த துளைக் கூட்டங்களும், ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தால் அன்றைய சோதனையை நம்பலாம். இல்லாவிட்டால் கையோ காற்றோ இடையில் மாறியிருக்கிறது. அட்டைகளைக் கிழித்துப் போட்டுவிட்டு இன்னொரு நாள் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

தூரம் 25 மீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். 10 மீட்டரில் எல்லா பெல்லட்டும் நல்ல பிள்ளைகள். காற்று அசையாத காலை நேரம் உகந்தது.

பிசிபியை மணல்பையில் அசையாமல் வைத்துச் சுடலாம். ஸ்பிரிங் ரைபிளை அப்படிச் செய்யக்கூடாது. பெல்லட் குழலை விட்டு வெளியேறுமுன்பே பிஸ்டனின் அசைவு ரைபிளை உலுக்கத் தொடங்கிவிடுகிறது. இறுக்கிப் பிடித்தால் அந்த உலுக்கல் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பக்கம் திரும்பும். திறந்த உள்ளங்கையை மணல்பையின் மேல் வைத்து, அதன் மேல் ரைபிளைப் பட்டும் படாமலும் கிடத்துங்கள். தோளிலும் லேசாகவே அணையுங்கள். ஒவ்வொரு முறையும் கை அதே இடத்தில் இருக்க, ரைபிளின் கட்டையில் ஒரு துண்டு டேப் ஒட்டி அடையாளம் வைத்துக்கொள்ளலாம்.

அளப்பது எளிது. மிகத் தொலைவில் உள்ள இரண்டு துளைகளின் வெளி ஓரங்களுக்கு இடையே அளந்து காலிபரைக் கழித்தால் கொத்தின் அகலம். ஆனால் உருண்டைத் தலை பெல்லட் மெல்லிய காகிதத்தைக் கிழித்துக்கொண்டு போகும்; துளை பெல்லட்டைவிடச் சிறியதாகத் தெரியும். காகிதத்துக்குப் பின்னால் தடித்த அட்டையை ஒட்டியே வையுங்கள்.

எதில் தொடங்குவது?

பெயர் சொல்லாமல் விட மாட்டீர்கள் என்று தெரியும். .177-க்கு ஜேஎஸ்பி எக்ஸாக்ட் 8.44, எச் அண்டு என் ஃபீல்ட் டார்கெட் டிராஃபி, ஆர்டபிள்யூஎஸ் சூப்பர்டோம்; .22-க்கு ஜேஎஸ்பி எக்ஸாக்ட் ஜம்போ 15.89. சில நிறுவனங்கள் பல வகைகளையும் தலை அளவுகளையும் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு மாதிரிப் பெட்டியாகவே விற்கின்றன. கிடைத்தால் முழு டப்பாக்களுக்கு முன் அதை வாங்குங்கள். ஆனால் அதில் ஒவ்வொரு வகையிலும் எத்தனை இருக்கிறது என்று பாருங்கள். குழலைப் பழக்கவே இருபது போய்விடும்.

பின்னர் சேர்த்தவை

இதைப் படித்துச் செய்து பார்த்தவர்களில் பலர் ஒரே இடத்தில் தடுமாறியிருக்கிறார்கள். "புது பெல்லட் எல்லாம் இடது கீழே போகிறது, சரியில்லை" என்கிறார்கள். எங்கே விழுகிறது என்பது இந்தச் சோதனையில் பொருட்டே இல்லை. எவ்வளவு நெருக்கமாக விழுகிறது என்பதுதான் பொருட்டு. எடை மாறினால் விழும் இடமும் மாறும். ஸ்கோப்பைத் தொடாமல் எல்லா வகையையும் சுட்டு முடியுங்கள். வென்றது எது என்று தெரிந்த பிறகு திருகிக்கொள்ளலாம்.

ஈயமில்லாத பெல்லட் பற்றிக் கேட்டிருந்தார்கள். அவை கடினமானவை, லேசானவை; .177-இல் 5.5 கிரெய்ன் அளவிலும் உண்டு. ஸ்பிரிங் ரைபிளில் போடுமுன் படி 3-ஐ இன்னொரு முறை படியுங்கள். ஈயம் பயன்படுத்துபவர்கள் பெல்லட்டை உதட்டில் கவ்விக்கொண்டு சுடும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். சுட்டு முடித்ததும் சோப்பு போட்டுக் கை கழுவிய பிறகே சாப்பாடு. பழைய டப்பாவில் வெள்ளைப் பொடி படிந்திருந்தால் அது ஈயம் காற்றோடு வினைபுரிந்து உண்டானது. ஊதாமல், தொடாமல் ஒதுக்கிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. வென்ற பெல்லட்டையே மறுபடி வாங்கியும் கொத்து விரிந்துவிட்டது என்று ஒருவர் எழுதியிருந்தார். டப்பாவில் ஒட்டியிருக்கும் தொகுதி எண்ணை ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன், வேறாக இருந்தது. பெல்லட் செய்யும் அச்சு மாறினால் பெல்லட்டும் சற்றே மாறும். சோதனையில் வென்ற டப்பாவின் தொகுதி எண்ணைக் குறித்துவைத்து, அதே எண்ணில் இன்னும் சில டப்பாக்கள் கடையில் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள்.