பார்பெல் ஸ்குவாட்டில் குதிகாலை உயர்த்துவது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் இருக்கிறது நான் போகும் உடற்பயிற்சிக் கூடம். புதிதாகச் சேரும் இளைஞர்களிடம் ஒரே சிக்கலைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். இரு முனையிலும் எடைத் தட்டு மாட்டும் பார்பெல் கம்பியைத் தோளில் ஏற்றிக்கொண்டு குந்தி எழும் ஸ்குவாட் பயிற்சியில், தொடை தரைக்கு இணையாக வரும் அளவுக்கு இறங்குவதற்குள் குதிகால் தானாக எழும்பிவிடுகிறது, அல்லது நெஞ்சு கவிழ்ந்து பாரம் முழுவதும் கீழ்முதுகில் இறங்கிவிடுகிறது. என் பாட்டி லயத்து வாசலில் குதிகால் தரையில் பதியக் குந்தியபடியே ஒரு கூடைக் கீரையை ஆய்ந்து முடிப்பார். நாற்காலியிலேயே வளர்ந்த நமக்குக் கணுக்கால் அப்படி வளைவதில்லை. அதற்குத்தான் குதிகாலுக்கு அடியில் பலகை வைத்து உயர்த்துகிறோம்.

காரணம் எளியது. பார், அதாவது தோளில் உள்ள கம்பி, எப்போதும் பாதத்தின் நடுப்பகுதிக்கு நேர் மேலே இருந்தால்தான் நாம் கீழே விழாமல் நிற்க முடியும். கணுக்கால் இறுகியிருந்தால் முழங்கால் முன்னே போகாது. முழங்கால் போகாததால் இடுப்பு பின்னே தள்ளிப் போகும். அதை ஈடுகட்ட உடல் முன்னால் சாயும். குதிகாலுக்கும் பெருவிரல் மேட்டுக்கும் இடையே ஏறத்தாழ 18 சென்டிமீட்டர் தூரம் என்று வைத்துக்கொண்டால், குதிகாலை 2 சென்டிமீட்டர் உயர்த்தும்போது பாதம் 6 பாகைக்குச் சற்றுக் கூடுதலாகச் சரிகிறது. கணுக்கால் கொடுக்க மறுத்த வளைவை அந்தச் சரிவு கொடுத்துவிடுவதால் முழங்கால் முன்னே நகர்கிறது, நெஞ்சு நிமிர்கிறது, முன்தொடைத் தசைக்கு வேலை கூடுகிறது. பளுதூக்கும் வீரர்களின் காலணிகளில் குதிகால் உயரமாக இருப்பதும் இதற்காகத்தான். ஆகவே இதைக் குறுக்குவழி என்று கேலி செய்பவர்களைப் பொருட்படுத்த வேண்டாம்.

முதலில் உங்களுக்கு இது தேவையா என்று பாருங்கள். வெறுங்காலோடு சுவரைப் பார்த்து நின்று, பெருவிரலைச் சுவரிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். குதிகாலை எடுக்காமல் அந்தக் காலின் முழங்காலால் சுவரைத் தொட முடிந்தால் உங்கள் கணுக்கால் நன்றாகவே இருக்கிறது. தொட முடியாவிட்டால் எத்தனை சென்டிமீட்டரில் தொடுகிறது என்று இரண்டு காலுக்கும் தனித்தனியாகக் குறித்து வையுங்கள். முன்தொடையை வலுப்படுத்துவதே நோக்கம் என்றால் சோதனையில் தேறியவர்களும் குதிகாலை உயர்த்திச் செய்யலாம்.

அடுத்தது, குதிகாலுக்கு அடியில் எதை வைப்பது என்பது. பலரும் கையில் கிடைக்கும் சிறிய எடைத் தட்டுகளை வைக்கிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஒருநாள் இரண்டு 2.5 கிலோ தட்டுகளை எடுத்தேன். ஒன்று ரப்பர் பூசியது, மற்றது வெறும் இரும்பு. எடை ஒன்றுதான், ஆனால் தடிமன் வேறு. மூன்றாவது சுற்றில் கண்ணாடியைப் பார்த்தபோதுதான் பார் ஒரு பக்கம் சாய்ந்திருப்பது தெரிந்தது. அன்றிரவு மோட்டாரில் ஏறக் காலைத் தூக்கியபோது இடுப்பு பிடித்துக்கொண்டது. வட்டத் தட்டில் இன்னொரு தொல்லையும் உண்டு: வியர்வை சொட்டிய தரையில் அது மெல்ல வழுக்கும். எனவே பலகைக் கடையில் 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் ஒரு துண்டை, இரண்டு பாதங்களும் தாராளமாக நிற்கும் அகலத்துக்கு வெட்டி வாங்கி, அடியில் பழைய ரப்பர் பாயை ஒட்டிக்கொள்ளுங்கள். சரிவாகச் செதுக்கிய கட்டை கிடைத்தால் பாதம் முழுவதையும் அது தாங்கும் என்பதால் இன்னும் நல்லது. தொடக்கத்தில் 2.5 சென்டிமீட்டருக்கு மேல் போக வேண்டாம். மெத்தென்ற ஓட்டக் காலணி பாரத்தில் அமுங்கி ஆடும். பள்ளிக்கூடக் கான்வாஸ் காலணி போலத் தட்டையான, கெட்டியான அடிப்பாகம் உள்ளதே பொருத்தமானது.

பாரைத் தாங்கும் சட்டமான ரேக்கில் அதை நெஞ்சின் நடு உயரத்தில் வையுங்கள். பாதுகாப்புக் கம்பிகளை, நீங்கள் முழுவதும் இறங்கும்போது பார் நிற்கும் இடத்துக்குச் சற்றே கீழே பொருத்துங்கள். பலகையை ரேக்கிலிருந்து இரண்டு சிற்றடி பின்னால் போடுங்கள்.

புதியவர்கள் தடுமாறுவது பாரைத் தூக்கிக்கொண்டு பின்னோக்கிப் பலகையில் ஏறும் அந்தச் சில நொடிகளில்தான். பாரம் தோளில் இருக்கும்போது குனிந்து காலைப் பார்க்கக் கூடாது என்பதால், வெறும் கைகளோடு பத்து முறையாவது இதைப் பழகுங்கள். ஒரு காலைப் பின்னே வைத்து, குதிகாலால் பலகையின் விளிம்பைத் தடவி உணர்ந்து, குதிகால் முழுவதும் பலகைமேல் வந்த பிறகே மற்றக் காலை எடுக்க வேண்டும். குதிகாலில் பாதி பலகைக்கு வெளியே பின்பக்கமாகத் தொங்கினால் இறங்காதீர்கள். முன்னே நடந்து பாரை ரேக்கில் வைத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

கால்கள் தோளகலத்தில், விரல்கள் சற்றே வெளிப்பக்கம் திரும்பியிருக்கட்டும். வயிறு நிறைய மூச்சை இழுத்துப் பிடித்து, முழங்கால்கள் விரல்கள் காட்டும் திசையிலேயே முன்னே போகும்படி மூன்று நொடிகளில் இறங்குங்கள். குதிகால் உயர்ந்திருக்கிறது என்பதற்காக நுனிக்காலில் சாய்ந்துவிடக் கூடாது. பலகையைக் குதிகாலால் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். பெருவிரல், சிறுவிரல் மேடுகளும் குதிகாலும் ஒரே அழுத்தத்தில் இருந்தால் நீங்கள் சரியாக நிற்கிறீர்கள். எழும்போது, கடினமான பகுதியைத் தாண்டிய பிறகு மூச்சை விடுங்கள்.

முதல் இரண்டு வாரங்களுக்கு 20 கிலோ வெறும் பார் போதும், எட்டு எட்டாக மூன்று சுற்றுகள். தட்டைத் தரையில் ஏற்கெனவே 60 கிலோ செய்தவர்களும் எடையைக் குறைத்தே தொடங்க வேண்டும், ஏனென்றால் முழங்காலுக்கு இங்கே சுமை கூடுகிறது. பிறகு பக்கத்துக்கு 1.25 கிலோவாக ஏற்றலாம். முன்தொடை எரிவது இயல்பு. முழங்கால் சில்லுக்குக் கீழே குத்தும் வலி இயல்பல்ல, அன்று அத்தோடு நிறுத்துங்கள். வலி தொடர்ந்தால் இயன்முறை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கணுக்காலையும் அப்படியே விட்டுவிடாதீர்கள். அந்தச் சுவர்ச் சோதனையையே பயிற்சியாக்கி, நாள்தோறும் காலுக்குப் பதினைந்து முறை முழங்காலைச் சுவரை நோக்கித் தள்ளுங்கள். மாதம் ஒருமுறை அளந்து பாருங்கள். 10 சென்டிமீட்டரைத் தொட்டதும் 18 மில்லிமீட்டர் பலகையை எடுத்துவிட்டு 12 மில்லிமீட்டர் பலகையில் நின்று, பழைய எடையில் பாதியோடு செய்து பார்க்கலாம்.