150 பி.எஸ்.ஐ.யைப் பார்த்து ஏமாறாதீர்கள்: காற்றடிக்கும் மெஷின் வாங்கும்போது நடக்கும் தவறுகள்

குறைந்த விலை டயர் கம்ப்ரஸர் எதை எடுத்தாலும் பெட்டியில் 150 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தின் அலகு) என்று கொட்டை எழுத்தில் இருக்கும். காருக்கு வேண்டியது பெரும்பாலும் 30 முதல் 36 வரைதான். 150 என்பது மெஷின் எட்டக்கூடிய உச்ச அழுத்தம். காற்று எவ்வளவு வேகமாக ஏறும் என்பதை அது சொல்லாது. அதைச் சொல்வது நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்ற எண். பெரும்பாலும் பொடி எழுத்தில் கிடக்கும், சிலதில் இருக்கவே இருக்காது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 185/65 ஆர்15 அளவு கார் டயருக்குள் சுமார் 30 லிட்டர் இடம். 25-லிருந்து 33-க்கு ஏற்ற ஏறத்தாழ 16 லிட்டர் வெளிக்காற்று போதும். சுத்தமாக இறங்கிப்போன டயர் என்றால் 70 லிட்டர் வேண்டும். அழுத்தம் கூடக்கூட வேகம் குறையும் என்பதால், நிமிடத்துக்கு 35 லிட்டர் அடிக்கும் மெஷினுக்கே மூன்று நான்கு நிமிடம் ஆகும். 12 லிட்டர் கையடக்க மெஷின் எட்டு நிமிடத்தைத் தாண்டிவிடும். சின்ன மெஷின்கள் பல, எட்டுப் பத்து நிமிடம் ஓடினால் அதே அளவு ஆறவிடச் சொல்பவை. சித்திரை வெயிலில் தார் ரோட்டில் வைத்து விடாமல் ஓட்டினால் முதலில் போவது பிஸ்டன் சீல். வால்வில் திருகும் பித்தளை முனையும் கொதிக்கும்; துணி இல்லாமல் கழற்றினால் விரல் சுடும்.

அடுத்தது ஃபியூஸ். மெஷினைச் செருகும் காரின் 12 வோல்ட் சாக்கெட்டுக்குப் பெரும்பாலும் 10 அல்லது 15 ஆம்பியர் ஃபியூஸ்தான். 120 வாட் மெஷினே 10 ஆம்பியர் இழுக்கும். ஃபியூஸ் போனதும் மெஷின்தான் கெட்டுவிட்டது என்று திருப்பி அனுப்புகிறவர்கள் ஏராளம். 15 ஆம்பியருக்கு மேல் என்றால் பேட்டரியில் நேராகக் கவ்வும் கிளிப் உள்ள மாடலை எடுங்கள். இன்ஜினை ஓடவிட்டே அடியுங்கள், மூடிய ஷெட்டுக்குள் மட்டும் வேண்டாம்.

ஸ்கூட்டர் மட்டும் வைத்திருப்பவருக்கு, வண்டி பேட்டரியில் ஓடும் இந்த வகை சரிப்படாது. 4, 5 ஆம்பியர்-அவர் பேட்டரி இந்த இழுப்பைத் தாங்காது. தனி பேட்டரியோடு வரும், சார்ஜ் ஏற்றும் வகையே நல்லது. ஆனால் மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் நாள் முழுக்க வெயிலில் நிற்கும் வண்டிக்குள் அதைப் போட்டு வைத்தால் லித்தியம் செல் சீக்கிரம் சாகும். வீட்டில் வைத்து, இரண்டு மூன்று மாதத்துக்கொரு முறை சார்ஜ் போடுங்கள்.

மெஷின் காட்டும் எண்ணை அப்படியே நம்புவதும் தவறு. இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. முன்பின் காட்டுவது சகஜம். தனி கேஜ் ஒன்றில் ஒப்பிட்டு, வித்தியாசத்தை மெஷின் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.

இதைவிடப் பெரிய தவறு சூட்டோடு அளப்பது. உசிலம்பட்டியிலிருந்து ஓட்டி வந்து மதுரையில் இறங்கியதும் பார்த்தால் 37 காட்டும். கூடிவிட்டதென்று 33-க்கு இறக்கினால், மறுநாள் விடிகாலையில் அதே டயரில் 29-தான் இருக்கும். வண்டி மூன்று மணி நேரம் நின்றபின் அளக்க வேண்டும். எவ்வளவு காற்று வேண்டும் என்பது டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும். டயர் பக்கவாட்டில் இருப்பது உச்ச வரம்பு.

ரிம்மை விட்டு டயர் விலகியிருந்தால் இந்தச் சின்ன மெஷினால் ஆகாது, ஸ்டெப்னிதான். டியூப்லெஸ்ஸில் ஆணி ஏறியிருந்தால் பிடுங்காமல் காற்றடித்து, மெதுவாகப் பங்க்சர் கடைக்குப் போங்கள்.

வாங்கிய அன்றே கேபிளும் ஹோஸும் பின்சக்கரம் வரை எட்டுகிறதா, டிக்கியில் இருக்கும் ஸ்டெப்னியைத் தொடுகிறதா என்று பார்த்துவிடுங்கள். எட்டாவிட்டால் திருப்பிக் கொடுக்கும் கெடு முடியுமுன் மாற்றிக்கொள்ளலாம்.