டிசம்பர் சீசனில் வெளியூர் நண்பர்கள் வந்தால்: கச்சேரியும் கேன்டீனும் ஒரே நாளில்

டிசம்பர் நடுவில், கர்நாடக இசை சீசனுக்குச் சென்னைக்கு வரும் நண்பர்கள் இரண்டைத் தவறாமல் கேட்பார்கள்: நல்ல கச்சேரி ஒன்று, கச்சேரி நடத்தும் சபாவின் கேன்டீன் சாப்பாடு ஒன்று. இரண்டும் ஒரே வளாகத்தில் கிடைப்பதால் சுலபமான வேலை என்று தோன்றும். அப்படியும் நாள் வீணாகிறது. ஆசையில் மூன்று சபா, நான்கு கச்சேரி, இரண்டு கேன்டீன் என்று அடுக்கிவிடுவதுதான் காரணம். மூன்றாவது கச்சேரியில் விருந்தாளி கொட்டாவி விடுவார், நீங்கள் ஆட்டோ தேடிக்கொண்டிருப்பீர்கள். பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு முழுக் கச்சேரி போதும். அது எது என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, சாப்பாட்டையும் ஊர் சுற்றலையும் அதை ஒட்டி அமையுங்கள்.

தேதியும் சபாவும்

மியூசிக் அகாடமியின் விழா வழக்கமாக டிசம்பர் 15-ஐ ஒட்டித் தொடங்கி, ஜனவரி 1 அன்று விருதுகள் வழங்கும் சதஸ்ஸோடு முடியும். மற்ற சபாக்களில் சில முன்னதாகவே ஆரம்பித்துவிடும், சில பொங்கல் வரை இழுக்கும். எப்போது வரட்டும் என்று நண்பர்கள் கேட்டால், டிசம்பர் 17-க்கும் 23-க்கும் இடைப்பட்ட வாரநாட்களைச் சொல்லுங்கள். மாத முதல் பாதியில் வடகிழக்குப் பருவமழையை நம்ப முடியாது. வர்தா புயல் 2016 டிசம்பர் 12 அன்று கரையைக் கடந்தது. மிக்ஜாம் 2023 டிசம்பர் தொடக்கத்தில் நகரத்தையே முடக்கியது. கிறிஸ்துமஸுக்குப் பிறகோ வெளிநாட்டிலிருந்து வரும் ரசிகர்கள் கூட்டம் சேர்ந்துகொள்ளும். டிக்கெட்டும் கிடைக்காது, கேன்டீனில் உட்கார இடமும் கிடைக்காது.

சபாவைத் தேர்ந்தெடுக்கும்போது பெயரை மட்டும் பார்க்காமல் அரங்கத்தைப் பாருங்கள். சொந்த அரங்கம் இல்லாத சபாக்கள் வேறு மண்டபங்களில் விழா நடத்தும். ஒரே சபாவின் கச்சேரிகள் இரண்டு இடங்களில் நடப்பதும் உண்டு. அழைப்பிதழில் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும் அந்த வரியைப் படிக்காமல் தி. நகருக்குப் போய் நிற்பவர்கள் ஒவ்வொரு ஆண்டும் இருக்கிறார்கள்.

டி.டி.கே. சாலையில் மியூசிக் அகாடமியும் நாரத கான சபாவும் இருக்கின்றன. மயிலாப்பூரில் ரசிக ரஞ்சனி சபா, மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் கிளப், கிழக்கு மாட வீதியில் பாரதிய வித்யா பவன். தி. நகரில் கிருஷ்ண கான சபாவும் வாணி மஹாலும். ஒரு நாளைக்கு இந்த வட்டாரங்களில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வரைபடத்தில் பக்கம் பக்கமாகத் தெரியும். மெட்ரோ பணிகளால் திருப்பிவிடப்பட்ட சாலைகளில் மாலை ஐந்து மணிக்குப் போய்ப் பார்த்தால்தான் தூரம் புரியும்.

"பாட்டு எல்லாம் தெலுங்கில் இருக்கே" என்று தயங்கும் நண்பருக்குத் தமிழ் இசைச் சங்கம் நடத்தும் விழா பொருத்தம். 1943-இல் தொடங்கிய சங்கம் அது. பாரிமுனைப் பக்கம் ராஜா அண்ணாமலை மன்றத்தில் நடக்கும். உயர் நீதிமன்றம் மெட்ரோவில் இறங்கினால் நடந்தே போகலாம்.

பிரபலமானவரின் மாலைக் கச்சேரிக்கு டிக்கெட் தீர்ந்துவிட்டது என்றால் கவலைப்பட வேண்டாம். பல சபாக்களில் மதியம் 12 மணிக்கும் 2 மணி வாக்கிலும் இளம் வித்வான்கள் பாடுவார்கள், பெரும்பாலும் அனுமதி இலவசம். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும், கூட்டம் குறைவு, நடுவரிசையில் உட்காரலாம். முதல்முறை கேட்பவருக்கு இரண்டரை மணி நேர நட்சத்திரக் கச்சேரியைவிட இதுவே நல்லது. இதைச் சமாதானத்துக்குச் சொல்லவில்லை. அந்த ஒன்றரை மணி நேரத்துக்காக ஆண்டு முழுவதும் உழைத்தவர்கள் அவர்கள். அது பாட்டில் கேட்கும்.

எங்கே உட்காருவது

முதல் மூன்று வரிசை பெரும்பாலும் சீசன் டிக்கெட்காரர்களுக்கு. அதற்காக ஏங்க வேண்டாம். மேடையோர ஒலிபெருக்கிக்கு நேரே உட்கார்ந்தால் மிருதங்கத்தின் தொப்பி (கனத்த ஒலி தரும் முகம்) ஒலி மட்டும் மார்பில் மோதும், குரல் கலங்கிக் கேட்கும். எட்டாவது வரிசையிலிருந்து பன்னிரண்டாவது வரை, நடுவிலோ சற்று இடப்பக்கமோ பாருங்கள்.

இடப்பக்கம் என்பதற்குக் காரணம் உண்டு. வலக்கைக்கார மிருதங்க வித்வான் நம் பார்வைக்கு இடதுபுறம் அமர்வார், வலந்தலை, அதாவது வலக்கையால் வாசிக்கும் முகம், சபையை நோக்கி இருக்கும். வயலின் வலதுபுறம். தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தின்போது வலந்தலையில் விரல்கள் ஓடுவதை இடப்பக்க இருக்கையிலிருந்து அப்படியே பார்க்கலாம். இடக்கைக்காரர் வாசித்தால் இந்த ஏற்பாடு தலைகீழாக மாறும்.

ஏசி குளிர் பலரைத் தோற்கடிக்கும். வெளியே 27 டிகிரி, உள்ளே சால்வை வேண்டும். பருத்திச் சட்டையோடு வரும் நண்பர்கள் இரண்டாவது மணி நேரத்தில் கையைத் தேய்க்கத் தொடங்குவார்கள். பையில் ஆளுக்கொரு மெல்லிய போர்வையோ சால்வையோ வைத்திருங்கள்.

நண்பரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டியவை

இன்றைய கச்சேரியின் வரிசைக்கு வடிவம் கொடுத்தவர் என்று அரியக்குடி ராமானுஜ அய்யங்காரை (1890–1967) சொல்வார்கள். முதலில் வர்ணம், பிறகு சில சிறிய உருப்படிகள். நடுவில் முக்கிய உருப்படி: ராக ஆலாபனை (பாட்டு வரிகள் இல்லாமல் ராகத்தை விரித்துப் பாடுவது), வயலினின் மறுமொழி, கிருதி (பாடல்), நிரவல் (அதன் ஒரு வரியைப் பலவிதமாக விரிப்பது), கல்பனாஸ்வரம் (ஸ்வரங்களைக் கற்பனையாகக் கோத்துப் பாடுவது), அதன் முடிவில் தனி ஆவர்த்தனம். அதற்குப் பின் விருத்தம் (தாளமில்லாமல் பாடும் செய்யுள்), துக்கடா (சிறு பாடல்கள்) என்று இலேசாகி மங்களத்தில் முடியும். சில கச்சேரிகளில் ஒரே பல்லவி வரியை நீளமாக விரிக்கும் ராகம் தானம் பல்லவியும் இருக்கும். "இப்போது எங்கே இருக்கிறோம்" என்பது தெரிந்தாலே புதியவருக்குப் பாதி அலுப்பு போய்விடும். இதை ஆட்டோவில் போகும்போது ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுங்கள். உள்ளே போய்க் காதில் கிசுகிசுத்தால் முன்வரிசை மாமி திரும்பிப் பார்ப்பார். பார்ப்பது நியாயம்தான்.

ஆதி தாளம் போடக் கற்றுக்கொடுங்கள். எட்டு எண்ணிக்கை, இவ்வளவுதான்: தொடையில் ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. வீச்சு என்றால் உள்ளங்கையை மேலே திருப்புவது. பாடகர் கையைப் பார்த்துச் சேர்ந்துகொண்டால் மூன்றாவது சுற்றில் பிடித்துவிடும். குழப்பம் வருவது ஓர் இடத்தில்தான். சாகித்யம் (பாட்டின் வரிகள்) எப்போதும் முதல் தட்டில் தொடங்காது; அரை எண்ணிக்கையோ ஒன்றரையோ தள்ளி எடுப்பு (பாட்டு தொடங்கும் இடம்) வரும். அப்போது நண்பர் தன் கை தப்பிவிட்டது என்று நினைத்து மாற்றிவிடுவார். "பாட்டைப் பின்தொடராதே, பாடகர் கையைப் பின்தொடர்" என்று முன்பே சொல்லி வையுங்கள். தனி ஆவர்த்தனத்தின் கடைசியில் கோர்வை என்னும் முடிவுச் சொற்கட்டு மூன்று முறை வந்து, பாட்டின் எடுப்பில் வந்து சேரும்போது, தாளத்தை விடாமல் போட்டவர் முகத்தைப் பாருங்கள். அந்த ஒரு நொடிக்காகவே கற்றுக்கொடுக்கலாம்.

தனி தொடங்கியதும் அரங்கில் பாதிப் பேர் கேன்டீனுக்கு எழுந்து போகும் பழக்கம் இன்னும் போகவில்லை. நீங்கள் எழுந்திருக்காதீர்கள். அது பக்கவாத்தியக்காரர்களின் நேரம். நடைமுறையிலும் அதுதான் கேன்டீனில் வரிசை மிக நீளமாக இருக்கும் நேரம். போயே ஆக வேண்டுமென்றால் ஓர் உருப்படி முடிந்து கைதட்டல் எழும்போது போங்கள்.

கேன்டீன்

ஒப்பந்தக்காரர் ஆண்டுக்காண்டு மாறலாம். போன ஆண்டு நன்றாக இருந்த இடம் இந்த ஆண்டும் அப்படியே இருக்கும் என்று எண்ண முடியாது. சீசன் தொடங்கி நான்கைந்து நாளில் ரசிகர்கள் பேச்சில் தெரிந்துவிடும்; காபி இடைவேளையில் பக்கத்தில் நிற்பவரைக் கேட்டாலே போதும். கச்சேரி டிக்கெட் இல்லாமலும் பொதுவாகக் கேன்டீனில் சாப்பிடலாம்.

நேரம் முக்கியம். இலைச் சாப்பாட்டுக்கு முதல் பந்திக்குப் போங்கள், அதாவது பதினொன்றரை வாக்கில். பன்னிரண்டரை முதல் ஒன்றரை வரை நெரிசல். டிபனுக்கு மூன்று மணி. நான்கு மணிக் கச்சேரிக்கு முந்தைய அரைமணியும், அது முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு இடைப்பட்ட நேரமும் ஆகாதவை. பல இடங்களில் முதலில் காசு கட்டி டோக்கன் வாங்க வேண்டும். ஒருவர் டோக்கன் வரிசையிலும் இன்னொருவர் மேசை பிடிக்கவும் பிரிந்துகொள்ளுங்கள். கூட்ட நேரத்தில் மொபைல் சிக்னல் திணறி ஜிபே சுற்றிக்கொண்டே இருக்கும். ஆகவே சில்லறையோடு ரொக்கமும் இருக்கட்டும்.

என்ன வாங்குவது என்பதில் அவசரம் வேண்டாம். இட்லி, பொங்கல், வடை உடனே வரும். ரவா தோசை அப்படியில்லை. நீர்த்த மாவைத் தெளித்து, மெதுவான சூட்டில் மொறுமொறுப்பாகும்வரை விட வேண்டும். ஒரு கல்லில் ஒரே நேரத்தில் சிலவற்றுக்குத்தான் இடம். கூட்டத்தில் இருபது நிமிடம் ஆகும். அவசரப்படுத்தி வாங்கினால் நடுவில் வேகாமல் வழவழவென்று வரும். அடையும் அப்படித்தான், கனமான மாவு, எண்ணெய் விட்டு இருபுறமும் சிவக்க வேண்டும். கச்சேரிக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தால் மட்டும் இவற்றைச் சொல்லுங்கள். நான்கு பேருக்கு இரண்டு அடை அவியல், ஒரு ரவா தோசை, இரண்டு ப்ளேட் கீரை வடையோ வாழைப்பூ வடையோ, பகிர்ந்துகொள்ள அசோகா அல்வா ஒரு ப்ளேட். காபியைக் கடைசியில், எழுந்திருக்கும் முன் வாங்குங்கள். முதலிலேயே வாங்கினால் டோக்கன் தேடுவதற்குள் ஆறிவிடும்.

இலைச் சாப்பாடு சாப்பிட முக்கால் மணி ஆகும். சாம்பார், வற்றல் குழம்பு, ரசம், பாயசம், மோர் என்று முழுப் பந்தி முடித்து உடனே இரண்டு மணிக் கச்சேரியில் உட்கார்ந்தால், அந்த இருட்டும் குளிரும் சேர்ந்து ஆலாபனையிலேயே தூங்க வைத்துவிடும். சாப்பாடு என்றால் நான்கு மணிக் கச்சேரி. இரண்டு மணிக் கச்சேரி என்றால் டிபன் மட்டும். பால், நெய் சேர்க்காத நண்பர் வந்தால் பரிமாறுபவரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுவிடுங்கள். பொங்கல், அல்வா எல்லாம் நெய்யில்தான். அவியலில் தயிர் இருக்கும்.

காலையை எப்படிக் கழிப்பது

மயிலாப்பூரில் கச்சேரி என்றால் காலை ஆறு மணிக்கே கிளம்பிவிடுங்கள். மார்கழியில் மாட வீதிகளில் பஜனைக் குழு சுற்றிவரும், வாசல்களில் கோலம் ஈரம் காயாமல் இருக்கும். ஒன்பது மணிக்கு வந்தால் இரண்டும் இருக்காது. கபாலீசுவரர் கோயில் மதியம் சாத்தப்பட்டு மாலையில்தான் திறக்கும் என்பதால் தரிசனமும் காலையிலேயே. காலை டிபனுக்கு அருண்டேல் தெருவில் ராயர் மெஸ். சின்ன இடம், இட்லி, பொங்கல், வடை, கெட்டிச் சட்னி. பத்து மணிக்குப் பிறகு நம்பிப் போகாதீர்கள். பிறகு கோயில் குளத்தருகே காளத்தி கடையில் ரோஸ் மில்க். ஒன்றை வாங்கி இருவர் பகிருங்கள், நல்ல இனிப்பு. இதோடு நிறுத்தி, வீட்டுக்குப் போய் இரண்டு மணி நேரம் படுத்துவிட்டு மாலைக் கச்சேரிக்கு வாருங்கள்.

பாரிமுனைப் பக்கம் போகும் நாளில் சாப்பாட்டுத் திட்டமே வேறு. 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்த அத்தோ, செகண்ட் லைன் பீச் சாலைத் தள்ளுவண்டிகளில் மாலையில் கிடைக்கும். நூடுல்ஸில் முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் போட்டுக் கையாலேயே பிசைந்து தருவார்கள், கூடவே வாழைத்தண்டு சூப். "காரம் கம்மியா போடுங்கண்ணா" என்று பிசையும் முன்பே சொல்ல வேண்டும்.

இரவு ஒன்பதேகாலுக்கு

மங்களம் முடிந்ததும் அரங்கம் முழுவதும் ஒரே நேரத்தில் செயலியில் வண்டி தேடும். வாசலில் நின்று பதிவு செய்தால் ஓட்டுநர் உள்ளே வர முடியாமல் ரத்து செய்வார், அல்லது எதிர்ப்பக்கம் நின்று அழைப்பார். இரண்டு முந்நூறு மீட்டர் நடந்து, அடுத்த சந்திப்பைத் தாண்டி, அடையாளம் சொல்லக்கூடிய ஒரு கடை வாசலில் நின்று பதிவு செய்யுங்கள். மெட்ரோ இரவு பதினொரு மணி வரை ஓடும். அகாடமியிலிருந்து ஏஜி-டிஎம்எஸ் நிலையத்துக்கு ஆட்டோவில் சில நிமிடங்கள்தான்; விமான நிலையம், கிண்டி பக்கம் போகிறவர்களுக்கு இதுவே வேகம். சபா கேன்டீன்கள் சைவம் மட்டுமே என்பதால், பகல் முழுக்கப் பொறுத்துக்கொண்ட அசைவ நண்பரை அண்ணா சாலை புகாரிக்கு அழைத்துப் போகலாம். 1951 முதல் இருக்கும் உணவகம் அது. பத்து மணிக்குள் உட்கார்ந்துவிட்டால் சமையலறை மூடும் நெருக்கடி இருக்காது.